சர்க்கரை நோயும் காசநோயும் ஒரே உடலில் சேரும்போது: வளரும் நாடுகளில் இவற்றை ஏன் இன்னும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்?

கேள்வி: பராமரிப்பாளர்

என் தாய்க்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அண்மையில் அவருக்கு நுரையீரல் காசநோய் இருப்பது சளிப் பரிசோதனையில் உறுதியாகி, ஆறு மாதச் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. அதற்கு முன்பு அவர் உடல் இளைத்துக்கொண்டே வந்தபோது, சர்க்கரை கட்டுக்குள் இல்லாததுதான் காரணம் என்று சொல்லி மாத்திரையின் அளவை மட்டும் கூட்டினார்கள். இருமலைப் பற்றியோ, மாலைக் காய்ச்சலைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. நாங்களும் அதைச் சொல்ல வேண்டிய செய்தியாக நினைக்கவில்லை.

இப்போது நிலைமை தலைகீழாக இருக்கிறது. காசநோய் மாத்திரை தரும் இடத்தில் சர்க்கரை அளவைக் கேட்பதில்லை. சர்க்கரைக்குப் பார்க்கும் இடத்தில் காசநோய் மாத்திரைகளின் பெயர்களைச் சொன்னாலும் குறித்துக்கொள்வதில்லை. சிகிச்சை தொடங்கிய பின், முன்பு போட்ட அதே சர்க்கரை மாத்திரைகளை ஒரு நாளும் தவறாமல் போட்டும் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போகிறது. ஒரு பக்கம் சத்தாக நிறையச் சாப்பிடச் சொல்கிறார்கள், மறுபக்கம் அளவாகச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

சர்க்கரை நோய்தான் அவருக்குக் காசநோயைக் கொண்டுவந்ததா? அதே மாத்திரை இப்போது ஏன் வேலை செய்யவில்லை? இரண்டு நோய்களும் மிகுதியாக உள்ள நாடுகளில் இவை சேர்ந்து வருவது புதிய செய்தியாக இருக்க முடியாதே, அப்படியிருந்தும் ஏன் இரண்டு வாசல்களில் நிற்க வேண்டியிருக்கிறது? அறிந்தவர்கள் விரிவாகவே எழுத வேண்டுகிறேன். நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படிப்பேன்.

பதில்: மார்புநோய் மருத்துவர்

உங்கள் முதல் கேள்விக்கான விடையைக் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நோயாளியின் மீதே பழி போடும் பேச்சு எளிதில் நுழைந்துவிடுகிறது. காசநோயை உண்டாக்குவது 1882ஆம் ஆண்டு ராபர்ட் காக் கண்டறிந்த கிருமிதான், சர்க்கரை அல்ல. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழ்நாளில் எப்போதோ அந்தக் கிருமியைச் சுவாசித்துத் தொற்றுக்கு உள்ளானவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு மட்டுமே அது பின்னாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்களின் உடல் கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது. நீண்ட காலம் கட்டுப்படாத சர்க்கரை, இந்த அடக்கி வைக்கும் ஆற்றலைத்தான் குலைக்கிறது.

நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் நுழையும் கிருமியை முதலில் எதிர்கொள்பவை அங்குள்ள விழுங்கு செல்கள். சர்க்கரை மிகுந்த உடலில் இவை கிருமியைப் பற்றுவதிலும் கொல்வதிலும் மந்தமடைகின்றன. கிருமி நுழைந்த செய்தி நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்வதும், அங்கிருந்து நோயெதிர்ப்பைச் செய்யும் டி செல்கள் திரண்டு வருவதும் தாமதமாகின்றன. இந்தத் தாமதத்தை விலங்கு ஆய்வுகள் தெளிவாகவே காட்டியுள்ளன. டி செல்கள் வந்து சேர்வதற்குள் கிருமிகள் பெருகிவிடுகின்றன. அதன் பிறகு வரும் எதிர்ப்போ தேவைக்கு மேல் கடுமையாக இருப்பதால், கிருமியோடு சேர்ந்து நுரையீரல் திசுவும் சேதமடைகிறது. சர்க்கரை உள்ளவர்களின் எக்ஸ்ரேயில் குழிகள் கூடுதலாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. காசநோய் வழக்கமாக நுரையீரலின் மேற்பகுதியைத் தாக்கும். இவர்களிடம் கீழ்ப்பகுதியிலும் தோன்றுவதுண்டு. அது நிமோனியா என்றே எண்ணப்பட்டுச் சில வாரங்கள் வீணாவதை நான் மீண்டும் மீண்டும் பார்த்து வருகிறேன்.

எதிர்த் திசையிலும் ஒரு பாதை உண்டு. எந்தக் கடுமையான தொற்றும் உடலில் அழுத்த ஹார்மோன்களை உயர்த்தும். அவை இன்சுலினின் வேலையைத் தடுக்கும். அதனால் சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் காசநோயின் தொடக்கத்தில் சர்க்கரை அளவு உயர்ந்து காணப்படலாம். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்ற எல்லைகள் இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் காசநோய் உறுதியான நேரத்தில் முதன்முறையாகச் சர்க்கரை கண்டறியப்பட்டவருக்கு, சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பார்க்காமல் வாழ்நாள் முழுவதற்குமான நோய் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. இரத்தசோகை உள்ளவர்களிடம் எச்பிஏ1சி தவறான அளவைக் காட்டக்கூடும். காசநோயாளிகளில் இரத்தசோகை மிகப் பரவலானது என்பதால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்புவதும் சரியன்று. உங்கள் தாயைப் பொறுத்தவரை சர்க்கரை நோய் முன்பே இருந்ததால் இந்த ஐயத்துக்கு இடமில்லை. தொற்று அவருடைய பழைய சர்க்கரையை மேலும் ஏற்றியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

உடல் இளைத்ததைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்கிறீர்கள். வருந்தத்தக்க வகையில் இது மிகப் பொதுவான நிகழ்வு. எடைக் குறைவு, களைப்பு ஆகிய இரண்டும் இரு நோய்களுக்கும் பொதுவான அறிகுறிகள். சர்க்கரை நோயாளி ஒருவர் காரணம் புரியாமல் இளைத்தாலோ, சீராக இருந்த சர்க்கரை திடீரெனக் கட்டுப்பட மறுத்தாலோ, மருந்தைக் கூட்டுவதற்கு முன் காசநோயை நினைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, இரவில் வியர்க்கிறதா, எடை குறைந்ததா என்ற நான்கு கேள்விகளைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைக் கேட்க நேரமில்லை என்று எந்த மருத்துவரும் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

சிகிச்சையின் விளைவைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, சர்க்கரை உள்ள காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் இறப்பு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்றும், குணமான பின் நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும் கணித்தது. சளியில் கிருமி மறைவதற்கும் இவர்களுக்குக் கூடுதல் காலம் ஆகலாம். இதைப் படித்து அஞ்ச வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களில் பெரும்பாலோர் அதே ஆறு மாத மருந்திலேயே குணமடைகிறார்கள். இரண்டாம் மாத இறுதியில் செய்யப்படும் சளிப் பரிசோதனையை உங்கள் தாய்க்குத் தவறவிடாதீர்கள், சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை குறிப்பிட்ட இடைவெளியில் காட்டிவாருங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பதில்: மருந்தாளுநர்

இரண்டாவது கேள்விக்கு என் துறையிலிருந்து விடை சொல்கிறேன். உங்கள் தாயின் சர்க்கரை ஏறுவதற்குத் தொற்று ஒரு காரணம் என்றால், மருந்துகளுக்கு இடையிலான மோதல் மற்றொரு காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு.

காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபாம்பிசின், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை வலுவாகத் தூண்டிவிடும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் அந்த நொதிகளால்தான் சிதைக்கப்படுகின்றன. எனவே நேற்று வரை போதுமானதாக இருந்த அதே அளவு, ரிஃபாம்பிசின் தொடங்கிய ஓரிரு வாரங்களில் போதாமல் போகிறது. பியோகிளிட்டசோனும் இதே வரிசையில் வரும். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்ளும் பல தருணங்களில் உண்மையான காரணம் இதுதான். மெட்பார்மின் கல்லீரல் நொதிகளால் சிதைக்கப்படுவதில்லை. சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுவதால் அதற்கு இந்த இடர் இல்லை. ஆனால் குமட்டலும் வயிற்றுக் கோளாறும் காசநோய் மாத்திரைகளாலும் வரும், மெட்பார்மினாலும் வரும். இரண்டும் சேரும்போது நோயாளி எதையாவது ஒன்றைத் தானாகவே நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது. இன்சுலினுக்கு நொதிச் சிக்கல் இல்லை. சர்க்கரை மிக உயர்ந்திருக்கும்போதும் காசநோய் கடுமையாக இருக்கும்போதும் மருத்துவர்கள் இன்சுலினுக்கு மாற்றுவது இதனால்தான். இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம் என்று அஞ்சி மறுக்க வேண்டாம். பெரும்பாலும் இது சிகிச்சைக் காலத்துக்கான ஏற்பாடு மட்டுமே.

காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் கை கால் நரம்புகளில் எரிச்சலையும் மதமதப்பையும் உண்டாக்கக்கூடியது. சர்க்கரையும் அதையே செய்யும். அதனால் பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமின் கூடவே தரப்படுகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றொரு காசநோய் மருந்தான எத்தாம்பியூட்டால் அரிதாகப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சர்க்கரையால் விழித்திரை ஏற்கெனவே பழுதாகியிருந்தால் பின்னால் வரும் மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. இதுவரை கண் பரிசோதனை நடக்கவில்லை என்றால் இப்போதாவது செய்துவிடுங்கள்.

எல்லோரும் மறந்துவிடும் ஒன்றைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும், தூண்டப்பட்ட நொதிகள் இரண்டு வாரங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும். சிகிச்சைக் காலத்தில் கூட்டிய சர்க்கரை மாத்திரை அதே அளவில் தொடர்ந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரலாம். நோய் நீங்கியதால் அழுத்த ஹார்மோன்களும் அடங்கியிருக்கும் என்பது இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. சிகிச்சை முடியும் நாளுக்கு முன்பே சர்க்கரை மருத்துவரைப் பார்க்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பதில்: பொதுச் சுகாதார ஆய்வாளர்

மருத்துவரும் மருந்தாளுநரும் தனி மனித உடலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது கேள்வி நாடுகளைப் பற்றியது, அதற்கு வருகிறேன்.

இந்தத் தொடர்பு புதிய செய்தி அன்று. 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பறித்த முதன்மைக் காரணங்களில் காசநோயும் ஒன்று. இன்சுலினும், பின்னர் காசநோய் மருந்துகளும் வந்த பிறகு செல்வந்த நாடுகளில் இரு நோய்களும் வெவ்வேறு மக்களிடம் ஒதுங்கின. மருத்துவமும் இரண்டையும் தனித்தனித் துறைகளாக்கி, இந்தத் தொடர்பை ஏறக்குறைய மறந்தது. வளரும் நாடுகளில் காசநோய் ஒழியாமல் இருக்கும்போதே சர்க்கரை நோய் பெருகியதால் இரண்டும் மீண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. காசநோய் ஒழிப்புத் திட்டங்கள் தொற்றுநோய்க்கான நிதியில் இயங்குகின்றன, சர்க்கரை நோய் தொற்றா நோய்ப் பிரிவில் கிடக்கிறது. பதிவேடு வேறு, பணியாளர் வேறு, மருந்துக் கொள்முதல் வேறு. உங்கள் தாய் இரண்டு வாசல்களில் நிற்பதற்கு மருத்துவ அறிவின் குறைவு காரணமன்று. நிர்வாகம் பிரிக்கப்பட்ட விதமே காரணம்.

அபாயம் எத்தனை மடங்கு என்ற கேள்வியில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனெனில் "மூன்று மடங்கு" என்ற ஒரே எண் எல்லா இடங்களிலும் சொல்லப்படுகிறது. 2008இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று அந்த எண்ணைத் தந்தது. பின்னர் வந்த சில ஆய்வுகள் அதை ஒன்றரை மடங்கு வரை குறைத்து மதிப்பிட்டிருக்கின்றன. வேறுபாடு சிறியதுபோலத் தோன்றும், ஆனால் கொள்கை வகுப்பவருக்கு அது மிகப் பெரியது. 1000 வயதுவந்தோரில் 100 பேருக்குச் சர்க்கரை உள்ள ஒரு நாட்டை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை இல்லாதவரின் அபாயத்தை ஓர் அலகு எனக் கொண்டால், மூன்று மடங்கு என்ற கணக்கில் 900 பேரிடமிருந்து 900 அலகும் 100 பேரிடமிருந்து 300 அலகும் சேர்ந்து 1200 ஆகிறது. அதாவது காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும். மொத்தக் காசநோயில் ஆறில் ஒரு பங்கு சர்க்கரையின் விளைவு என்று ஆகும். ஒன்றரை மடங்கு என்று கொண்டால் அந்தப் பங்கு ஏறத்தாழ இருபதில் ஒன்றாகச் சுருங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டின் 108 லட்சம் புதிய காசநோயாளிகளில் சுமார் 3.8 லட்சம் பேரின் நோயைச் சர்க்கரையோடு தொடர்புபடுத்துகிறது. இது இரண்டாவது கணக்குக்கே அருகில் வருகிறது.

என் பார்வையில், இந்த வேறுபாட்டுக்குள் ஒளிந்திருக்கும் உண்மை ஒன்று உண்டு. சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் ஒரே அபாயம் இல்லை. ஹாங்காங்கில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வில், எச்பிஏ1சி 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தவர்களிடம் காசநோய் அபாயம் கூடவில்லை. அதற்கு மேல் இருந்தவர்களிடம்தான் பல மடங்கு கூடியது. நன்றாகக் கட்டுப்பட்ட சர்க்கரை உள்ளவர்களையும் கட்டுப்படாதவர்களையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால், நாட்டுக்கு நாடு எண் மாறத்தான் செய்யும். வளரும் நாடுகளில் சர்க்கரை நோயாளிகளில் கணிசமானோர் தங்களுக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். அறிந்தவர்களிலும் கட்டுக்குள் வைத்திருப்போர் குறைவு. ஆகவே அங்கு நிலவும் உண்மையான அபாயம் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

காசநோயாளிகளில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்ற கணக்கும் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. உலக அளவில் ஏறத்தாழ 15 விழுக்காடு எனத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. இந்தியாவில் 2012இல் வெளியான இரு ஆய்வுகளில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 25 விழுக்காடும் கேரளத்தில் 44 விழுக்காடும் பதிவாயின. இவ்வளவு மிகுதியாக இருக்கும் இடத்தில் காசநோயாளிக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுக் காசநோய், நுரையீரல் நோய் எதிர்ப்பு ஒன்றியமும் 2011இல் வெளியிட்ட கூட்டு நெறிமுறை, இரு நோயாளிகளையும் மற்ற நோய்க்காகப் பரிசோதிக்க வேண்டும் என்றது. இந்தியா 2017இல் தனக்கான தேசிய நெறிமுறையை வெளியிட்டது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். அதே 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஊட்டச்சத்துக் குறைவால் வந்தவை 9.6 லட்சம். சர்க்கரையைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில் பசியைப் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது. வளரும் நாடுகளின் பெருந்துயரம் என்னவென்றால், இவை எதிரெதிரான இரு காரணங்கள் அல்ல. ஒல்லியான, ஊட்டம் குறைந்த உடலிலேயே சர்க்கரையும் குடியிருக்கிறது.

பதில்: களப்பணியாளர்

மேலே ஆய்வாளர் இறுதியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உணவு பற்றிய குழப்பத்தை நான் பணிபுரியும் இடத்தில் அன்றாடம் சந்திக்கிறேன். காசநோயாளிக்கு எடை கூட வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள்கள் வழங்கியதாலேயே அவர்களிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. சோதிக்கப்பட்ட அளவில் உணவும் ஒரு மருந்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் சர்க்கரை உள்ளவர் "நிறையச் சாப்பிடு" என்ற அறிவுரையை மாவுச்சத்தாலும் இனிப்பாலும் நிறைவேற்றிவிடுகிறார், அல்லது "அளவாகச் சாப்பிடு" என்பதற்கு அஞ்சிப் பட்டினி கிடக்கிறார். இரண்டுமே தவறு. மொத்த உணவைக் குறைக்காமல், புரதத்தைக் கூட்டி, மாவுச்சத்தைச் சிறு சிறு பங்குகளாக நாள் முழுவதும் பகிர்ந்து உண்ணச் செய்து, ஏறும் சர்க்கரையை மருந்தால் ஈடுகட்ட வேண்டும். இளைத்துப் போன காசநோயாளியிடம் எடை குறைக்கும் நோக்கில் வகுத்த சர்க்கரை உணவுப் பட்டியலை நீட்டுவது அவருக்குத் தீங்கு செய்வதாகும்.

பரிசோதனையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். "இருவழிப் பரிசோதனை" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். களத்தில் இரு வழிகளும் சமமானவை அல்ல. காசநோயாளிக்குச் சர்க்கரை பார்க்க ஒரு சிறு கருவியும் ஒரு சொட்டு இரத்தமும் போதும், பலருக்கு நோய் அங்கேயே வெளிப்படும். சர்க்கரை நோயாளிகள் அனைவரையும் காசநோய்க்காகச் சோதித்தால் ஆயிரக்கணக்கானோரைப் பார்த்துச் சிலரையே கண்டறிவோம். அதனால் அங்கே எல்லோருக்கும் எக்ஸ்ரே என்பதைவிட, ஒவ்வொரு வருகையிலும் அந்த நான்கு கேள்விகளைக் கேட்டு, ஒரு விடையாவது ஆம் என்றால் சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்புவதே செய்யக்கூடியது. சர்க்கரை மிக மோசமாக உள்ளவர்களுக்கும் முன்பு காசநோய் வந்தவர்களுக்கும் எக்ஸ்ரேயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உண்மையில் இடறும் இடம் பரிசோதனைக்குப் பிறகுதான். சர்க்கரை இருப்பது தெரிந்ததும் நோயாளியிடம் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்து வேறு பிரிவுக்குப் போகச் சொல்கிறோம். பதிவேட்டில் "பரிந்துரைக்கப்பட்டார்" என்ற கட்டம் நிரம்பிவிடுகிறது, எங்கள் வேலை முடிந்ததாகக் கணக்கு. அவரோ இரண்டு இடங்களுக்கு இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டும். அந்தச் சர்க்கரைப் பிரிவின் கூட்ட நெரிசலில், இருமிக்கொண்டிருக்கும் ஒருவர் எளிதில் தொற்றுக்கு ஆளாகக்கூடிய சர்க்கரை நோயாளிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. குறைந்தபட்சம் காசநோய் தொற்றும் நிலையில் இருக்கும் தொடக்க வாரங்களிலாவது, சர்க்கரை மாத்திரையைக் காசநோய் மாத்திரை தரும் அதே இடத்தில், அதே நாளில், அதே கையால் தர வேண்டும். நாள்தோறும் ஒரு நோயாளியின் தொடர்பில் இருக்கும் அமைப்பு காசநோய்த் திட்டம் ஒன்றுதான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர இதைவிட நல்ல வாய்ப்பு ஏழை நோயாளிக்கு வாழ்நாளில் மீண்டும் கிடைப்பது அரிது.

நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே குறிப்பேட்டில் ஒரு பக்கம் காசநோய் மாத்திரைகளும் தொடங்கிய நாளும், எதிர்ப் பக்கம் சர்க்கரை மாத்திரைகளும் அளவுகளும் எழுதி, இரண்டு இடங்களிலும் மேசை மேல் திறந்து வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் காதில் விழாதது, எழுத்தில் இருந்தால் கண்ணில் படும்.

கேள்வி கேட்டவர்: பராமரிப்பாளர்

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ரிஃபாம்பிசின் பற்றிய செய்தியைக் குறிப்பேட்டில் எழுதிச் சர்க்கரை மருத்துவரிடம் காட்டினேன். அவர் மருந்து முறையை மாற்றி, இன்சுலினைத் தொடங்கியிருக்கிறார்.

இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் அவருடன் ஒரே வீட்டில் வாழ்கிறேன், எனக்கும் சர்க்கரை உண்டு. எனக்கு இப்போது இருமலோ காய்ச்சலோ இல்லை. முன்கூட்டியே காசநோய் மருந்து எடுத்துக்கொள்ளலாமா? சர்க்கரை உள்ள எல்லோருமே அப்படி எடுத்துக்கொள்வது நல்லதல்லவா?

பதில்: மார்புநோய் மருத்துவர்

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். சர்க்கரை நோய் என்ற ஒரே காரணத்துக்காக அனைவருக்கும் தடுப்புச் சிகிச்சை தருவதை உலகச் சுகாதார நிறுவனம் இதுவரை பரிந்துரைக்கவில்லை. கோடிக்கணக்கானோருக்குப் பல வாரம் மருந்து கொடுத்தால் கிடைக்கும் நன்மை, கல்லீரல் பாதிப்பு போன்ற தீமைகளைவிடக் கூடுதலா என்பதற்கு உறுதியான சான்று வேண்டும். அதைக் கண்டறியத்தான் தான்சானியாவிலும் உகாண்டாவிலும் சர்க்கரை நோயாளிகளிடம் புரோட்டிட் என்ற பெரிய ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

உங்கள் நிலை வேறு. தொற்றும் காசநோய் உள்ளவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர் என்ற முறையில், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த வயதினராக இருந்தாலும், நீங்கள் தடுப்புச் சிகிச்சைக்கு உரியவர். சர்க்கரையும் இருப்பதால் அதைத் தள்ளிப் போடாமல் செய்வது நல்லது. முதலில் எக்ஸ்ரே எடுத்து, உங்களுக்கு ஏற்கெனவே காசநோய் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். அறிகுறி இல்லை என்பது மட்டும் போதாது; நோய் இருக்கும் உடலுக்குத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றுவிடக்கூடும். உங்கள் தாயின் கிருமி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுவதா என்ற பரிசோதனை முடிவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், உங்களுக்கான மருந்து அதைப் பொறுத்தே தீர்மானிக்கப்படும்.

வாரம் ஒரு முறை என மூன்று மாதம் தரப்படும் மருந்து முறையில் ஐசோனியாசிட்டுடன் ரிஃபாபென்டின் இருக்கிறது. இதுவும் ரிஃபாம்பிசின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மருந்தாளுநர் எழுதிய நொதிச் சிக்கல் இதற்கும் பொருந்தும். நீங்கள் கிளிமெபிரைடு வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால், முதல் தவணைக்கு முன்பே உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மூன்று மாதமும், முடிந்த பின் இரண்டு வாரமும் வீட்டிலேயே சர்க்கரையை அடிக்கடி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குமட்டல், கண் மஞ்சளாதல், பசியின்மை ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த தவணையைப் போடாமல் உடனே வந்து காட்டுங்கள்.